கந்தரோடையில் பெரிய வண்டி திரும்புமா?

என் சூப்பர்வைசர் என் வீட்டைப் பிடுங்கப் போகிறார் என்று நம்பினேன். ஒருநாள் இருநாள் அல்ல, முழுதாகப் பதினொரு நாள். ஐம்பதைத் தாண்டி, ஏசி டக்டுக்குள் தவழ்ந்தே முழங்கால் தேய்ந்த ஒரு மனிதன் நம்பக்கூடிய கதையா இது? நம்பினேன்.

அவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே இலங்கையில் பிறந்த நாங்கள் இருவரும், வளைகுடாவில், அஜ்மானிலிருந்து சத்வாவுக்கு வேலைக்குப் போகும் கம்பனி வான் வண்டியில் ஹிந்தியில்தான் குடும்பக் கதை பேசுவோம். நல்ல மனிதர். டக்டில் நான் தப்பான பக்கம் ஓட்டை வெட்டியபோதுகூட, "பரவாயில்ல பாய், இந்தப் பக்கத்து ஆளுக்கும் வேர்க்கும்" என்றவர்.

ஒரு காலை என் ஊரைக் கேட்டார். கந்தரோடை என்றேன். "அச்சா, கதுருகொட!" என்று அதன் சிங்களப் பெயரைச் சொல்லி முகம் மலர்ந்து கைபேசியில் வரைபடத்தைத் திறந்தார். எங்கள் ஊரில் பழைய தூபிகள் கவிழ்த்து வைத்த சட்டிகள்போல் கூட்டமாக நிற்கின்றன. தமிழ்ப் பௌத்தர்கள் கட்டியவை என்போம் நாங்கள்; தெற்கிலிருந்து பஸ்ஸில் கும்பிட வருகிறவர்கள் வேறு கதை சொல்வார்கள். என் வீடு அந்த வேலிக்குக் கூப்பிடு தூரம். இரண்டு பரப்புக் காணி, என் வளைகுடா வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது. ஊருக்கு இன்னொரு பெயர் வந்தால் காணிக்கு இன்னோர் எல்லை வரும் என்பது எங்களுக்குப் பழகிய பயம்.

அதற்குப் பிறகு தினம் ஒரு கேள்வி. "தூபியில இருந்து உங்க வீடு எத்தன மீட்டர்?" அடுத்த நாள், "பாத்ரூம் எப்படி, நல்லதா?" மூன்றாம் நாள், "கேட்டுக்குள்ள பெரிய வண்டி திரும்புமா?"

பெரிய வண்டி! என் கண்முன்னே புல்டோசர் வந்து நின்று புகை கக்கியது. பாத்ரூம் இடிந்துவிட்டது என்றேன். கேட் திறக்காது என்றேன். போதாததற்கு ஒரு நாய், கடிக்கிற நாய். இல்லாத அந்தப் பிராணிக்கு அல்சேஷன் சாதியும் கொடுத்தேன். "கலாஸ்," முடிந்தது என்று அரபியில் முணுமுணுத்து அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

மனைவிக்கு உடனே போன் போட்டேன். "காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய் உன்ர அக்கா வீட்டில வை. கிணத்தடிக் கல்லைச் சாக்குப் போட்டு மூடு. பழைய கல்லெண்டு தொல்லியல் ஆக்கள் வந்து அளப்பாங்கள்."

"இஞ்சாருங்கோ, அது உடுப்புத் தோய்க்க உங்கட அப்பா சுன்னாகத்தில வாங்கின கல்லு. அங்க வெயில் கூடவோ?"

பதினோராம் நாள் மதியம், சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போது அவளே அழைத்தாள். "ஒரு சிங்கள அம்மா வந்திருக்கிறா."

"அளக்கிற ஆக்கள் எத்தினை பேர்?"

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. உங்கட சூப்பர்வைசற்ர தாயாம். நாகதீபத்துக்குக் கும்பிடப் போற பஸ்ஸில வந்தவவாம். மனுசிக்கு முழங்கால் ஏலாது, குந்தி இருக்க முடியாது. வேலியோரம் நெளிஞ்சுகொண்டு நிண்டவ, நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். கூட வந்தவவுக்குத் தமிழ் தெரியும், அவ சொன்னவ. அந்த வீட்டில நாய் கடிக்கும், போகாதேங்கோ எண்டு மகன் சொல்லி விட்டவராம். எங்கட நாய் எங்கயப்பா?"

சாப்பிடாமலே பொதியைத் திரும்பக் கட்டினேன். தனக்குக் கீழே வேலை செய்கிறவனிடம் தாய்க்காகக் கழிப்பறை கேட்கக் கூசித்தான் அந்த மனிதர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்; பெரிய வண்டி என்றது அந்தப் பஸ்ஸை.

மறுநாள் கம்பனி வானில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறினேன். முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "பாய், உங்க வீட்டுத் தேத்தண்ணி நல்லா இருந்ததாம். அம்மா சொன்னா." நாயைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, போன வருஷம் வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரையும் கேட்கவில்லை. இப்போது அந்த இருக்கையில் வேறொருவர். ஊர் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு ஒரு தடவை அடித்துத்தான் அடங்குகிறது.

நடந்தது இவ்வளவுதான்: வெயிலில் வந்த ஒரு தாய்க்கு ஒதுங்க இடம் தேவைப்பட்டது. மகன் கேட்டார். நான் இல்லையென்றேன். என் மனைவி கேட்டைத் திறந்தாள்.