யூனிஸின் கம்ப்யூட்டரும் எடைக்குப் போன கட்டும்

யூனிஸ் வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள் அகர வரிசையில் இருக்கும். கடுகு ஒரு கோடியில், வெந்தயம் மறு கோடியில். ஒரு குழம்பு தாளிப்பதற்குள் அவள் அடுப்பங்கரையில் ஒரு ஊர்வலமே போய் வந்துவிடுவாள். "கைக்கு எட்டுற மாதிரி வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "அப்புறம் எப்படித் தேடுறது?" என்பாள். வைத்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே அவளுக்கு வராது.

நான் நாகலக்ஷ்மி. பாளையங்கோட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்திய நூலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலேறி வருவேன். புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் வாய்ச்சண்டை போடுவதும் என் வேலை. எண் போடுவது, கார்டு எழுதுவது, அதைப் பெட்டியில் வரிசையாகச் செருகுவது எல்லாம் யூனிஸ். கம்பவுண்டர் மகள் என்பதாலோ என்னவோ, எதையும் சீட்டு ஒட்டாமல் விடமாட்டாள். கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் நூலக முத்திரையைக் குத்திவிடுவாள். நான் மேஜையில் வைத்திருந்த ரயில் கால அட்டவணையில்கூட ஒரு தடவை குத்திவிட்டாள்.

அவள் எழுதிய கார்டுகள் முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியை வாசகர்கள் யாரும் திறந்ததில்லை. திறந்தால் எதையாவது கலைத்துவிடுவோமோ என்று பயம். எல்லாரும் நேராக என்னிடம் வந்து, "அந்த நீல அட்டைப் புஸ்தகம் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். யூனிஸுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் எல்லாரையும் முந்திக்கொண்டு சந்தோஷப்பட்டது அவள். கையெழுத்துக்கு மதிப்புப் போய்விடுமே என்று நான் சீண்டிப் பார்த்தேன். "போகட்டும், ஜனங்க தேடுற மாதிரி ஆனாப் போதும்" என்றாள். சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டும் வந்துவிட்டாள். எங்கள் செயலாளர் தேவசிகாமணி, ஓய்வுபெற்ற பேராசிரியர், கம்ப்யூட்டருக்கு வெல்வெட் உறை தைக்கக் கொடுத்தார். அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். யாரும் பார்க்காதபோது நான் ஓரமாக ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்தேன்.

ஆனால் கரண்ட் இருக்கும் நேரத்தில் எல்லாப் புத்தகத்தையும் ஏற்றுவது என்றால் நாங்கள் ஓய்வுபெற்றும் முடியாது. அதற்கு யூனிஸே ஒரு வழி சொன்னாள். பல வருஷமாக யாரும் எடுத்துப்போகாததை ஏற்ற வேண்டாம், எடைக்குப் போட்டுவிடலாம். செயலாளர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

இதில் ஒரு கூத்து இருந்தது. அரசாங்கத் துறைகளிலிருந்து இலவசமாகச் சின்னப் பிரசுரங்கள் தபாலில் வரும். பூச்சி மருந்தை எப்படி வைப்பது, குக்கர் வாங்கும்போது எதைப் பார்ப்பது, தரமில்லாத மின்சாமானை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் புகார் சொல்வது என்று நல்ல தமிழில் இருக்கும். விலை கொடுத்து வாங்காததற்கு எங்கள் வழக்கப்படி எண் கிடையாது. எண் இல்லாததற்குக் கார்டு கிடையாது. கார்டு இல்லாததை வெளியே கொடுக்க மாட்டோம். யூனிஸ் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துவாள், நான் சணலால் கட்டி பீரோ மேலே போடுவேன். கொடுக்கவே கொடுக்காத ஒன்றை, யாரும் எடுக்கவில்லை என்று சொல்லி எடைக்குப் போட்டோம். படித்தவர்கள் மூன்று பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கட்டை வாங்கிக்கொண்டு போனவர் பக்கத்துத் தெரு மளிகைக்கடைத் தில்லைநாயகம் அண்ணாச்சி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஒரு பெண் நனைந்துகொண்டே வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். சீரகம் மடித்த தாள்.

"டீச்சர், இந்தப் புஸ்தகம் இங்கன உள்ளதா? முத்திரை உங்க பேருலதான போட்டிருக்கு?"

எங்கள் பக்கத்தில் கொஞ்சம் படித்த மாதிரி இருக்கிற எந்தப் பெண்ணும் டீச்சர்தான். தாளை வாங்கிப் பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை படம் போட்டிருந்தது. முத்திரைக்கு மேலே ஒரு எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும், வெறும் முத்திரை மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. கடைசி வரி, 'மூன்று முனை பிளக்கில் உள்ள பெரிய முனை' என்று பாதியில் நின்றது.

"இதுக்கு அடுத்த பக்கம் வேணும் டீச்சர்" என்றாள்.

அவள் பெயர் இசக்கித்தாய். பீடி சுற்றுகிறவள். எட்டாவது வரை படித்தவள், பொட்டலம் மடித்த தாளையும் விடாமல் வாசிப்பவள். மகள் நித்யாவுக்கு ஐந்து வயது. காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றுவதற்காக இரும்பு வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டிருக்கிறாள். துண்டு எடுக்கத் திரும்பிய நேரத்தில் பிள்ளை வாளியைத் தொட்டுவிட்டது. கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துப் பிழைத்துக்கொண்டாள்.

"வாளியை வெளியத்தான் டீச்சர் தொட்டா, தண்ணிக்குள்ள கைய விடல. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவ. ராடு வித்த கடைக்காரன், நீ ஈரக்கையோட ராடத் தொட்டிருப்ப, நீதான் பிள்ளையக் கவனிக்கலன்னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரரும் அதையே பிடிச்சிக்கிட்டாவ. பிள்ளையக் கொண்டுபோயி நாங்குநேரில அவிய அக்கா வீட்டுல விட்டுட்டாவ. ஒன்ன நம்பி இனிம பிள்ளைய விட மாட்டேன்னு சொல்லுதாவ."

சொல்லும்போது அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அது. வீட்டிலிருக்கும் ராடில் முத்திரை உண்டு, எண் எதுவும் இல்லை என்று இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் கவனித்திருக்கிறாள்.

யூனிஸின் முகம் சிவந்து போனது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணாச்சி கடையில் கட்டு பாதி கரைந்திருந்தது. குக்கர் பற்றியதெல்லாம் பொரிகடலைப் பொட்டலமாக ஊருக்குள் போய்விட்டது.

"ஏம்மா, நீங்கதான வேண்டாம்னு குடுத்தீய? இப்பம் கேட்டா எப்படி? பொட்டலத்துக்கு நான் எங்கன போவேன்?" என்றார் தில்லைநாயகம் அண்ணாச்சி.

"பழைய பேப்பர் தாரேன் அண்ணாச்சி. இதுக்கு ரெண்டு பங்கு தாரேன்."

"ரெண்டு பங்கு எதுக்கும்மா? எடைக்கு எடை போதும். தாளு நல்ல கெட்டித் தாளு, அதான் மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த பக்கம் இருந்தது. நூலக மேஜையில் வைத்து யூனிஸ் சத்தமாக வாசித்தாள். பிளக்கின் பெரிய முனை எர்த்துக்கானது, சாமானின் உலோகப் பாகத்திலிருந்து அதற்கு ஒரு வயர் வர வேண்டும், கசியும் மின்சாரத்தை அது தரைக்குக் கொண்டுபோய்விடும். சில மலிவான சாமான்களில் பெரிய முனை இருக்கும், வயர் இருக்காது.

இசக்கித்தாய் எழுந்துவிட்டாள். "ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சிரும்லா?"

"தொடவே தொடாதீங்க" என்று யூனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கழட்டினா, வயர நீங்கதான் பிடுங்கிட்டீங்கன்னு கடைக்காரன் சொல்லுவான். உங்க வீட்டுக்காரரும் நம்ப மாட்டார். அரசாங்க ஆள் வந்து எல்லார் முன்னாலயும் கழட்டணும்."

பிரசுரத்திலிருந்த துறை விலாசத்துக்கு அன்றைக்கே புகார் எழுதிப் போட்டோம். அதன் பிறகு இருந்ததுதான் கொடுமை. ராடு அவள் வீட்டுப் பரணில் கிடக்கிறது, பதில் அதன் பிளக்கில் ஒரு ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. இசக்கித்தாய் பீடித்தட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் வழியில் நூலகத்துக்குள் எட்டிப் பார்ப்பாள். இன்னும் ஆள் வரவில்லை என்று நாங்கள் தலையை ஆட்டுவோம். போய்விடுவாள். நானாக இருந்தால் முதல் நாள் ராத்திரியே கழட்டியிருப்பேன், அவ்வளவு பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

இதற்கிடையில் யூனிஸ் தன் யோசனையைத் தானே தூக்கிக் கடாசினாள். மிஞ்சிய பிரசுரங்களுக்கு எண் போட்டாள். போனவற்றை மறுபடி அனுப்பச் சொல்லித் துறைகளுக்கு எழுதினாள். கம்ப்யூட்டரில் அவற்றை முதலில் ஏற்றப் போவதாகச் செயலாளரிடம் சொன்னாள். தேவசிகாமணிக்குக் கோபம்.

"இலக்கியம், தத்துவம் எல்லாம் காத்துக்கொண்டிருக்கிறது. கெரசின் ஸ்டவ்வும் ஹீட்டரும் முதலிலா? அதோடு நூலகத்துக்கு எதற்கம்மா புகார் வேலை?"

யூனிஸ் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குப் பேசினாள். "சார், தத்துவம் படிக்கிறவர் என்னிக்கு வந்தாலும் இருக்கும். இதத் தேடி வர்றவங்களுக்கு அன்னிக்கே வேணும்."

அவர் வெல்வெட் உறையை மடித்து வைத்துவிட்டுப் போனார். சம்மதம் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் அதிகாரி வந்தார். இளவயசு, பெரிய தோல் பை. விலாசம் கேட்டு நூலகத்துக்குத்தான் முதலில் வந்தார். யூனிஸும் நானும் அவரோடு இசக்கித்தாய் வீட்டுக்கு நடந்தோம். ஆள் அனுப்பி, மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மாரிராஜையும் வரச் சொல்லியிருந்தோம். இசக்கித்தாயின் புருஷன். தலைத்துண்டை அவிழ்க்காமலே வந்து நின்றான்.

அதிகாரி முதலில் சுவரிலிருந்த பிளக் பாயிண்டைச் சோதித்தார். எர்த் சரியாக இருந்தது. பிறகு ராடை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை மட்டும்தான், எண் இல்லை. பிளக்கில் ஸ்க்ரூ துரு ஏறி இருந்தது. "யாரும் கழட்டவில்லை, துரு கலையாமல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எல்லாருக்கும் காட்டினார். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். ஒருவேளை உள்ளே வயர் ஒழுங்காக இருந்துவிட்டால்? இசக்கித்தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், பிளக்கைப் பார்க்கவில்லை, மாரிராஜின் முகத்தையே பார்த்தாள்.

பிளக் இரண்டாகப் பிரிந்தது. முனை மூன்று. வயர் இரண்டு. பெரிய முனை எதோடும் சேராமல் சும்மா உட்கார்ந்திருந்தது, ஏமாற்றுவதற்கென்றே.

"இந்த ராடு உள்ளே கசிந்திருக்கிறது" என்றார் அதிகாரி. "வயர் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான். இல்லாததால் வாளி முழுக்கக் கரண்ட். வெளியே தொட்டாலே அடிக்கும். இதை யார் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

மாரிராஜ் கையை நீட்டி அந்தப் பெரிய முனையைத் தொட்டுப் பார்த்தான். ஆட்டிப் பார்த்தான். பிறகு இசக்கித்தாயைப் பார்க்க முடியாமல் அதிகாரியிடம் கேட்டான்.

"அப்பம் இவ மேல ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒன்றும் இல்லை."

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சட்டைய எடுட்டி" என்றான் அவளிடம். "நாங்குநேரி வண்டி இப்பம் ஒண்ணு இருக்கு. நீயும் வா. நீ வந்து கூப்பிட்டாத்தான் பிள்ளை வருவா."

இசக்கித்தாய் அப்போதுதான் அழுதாள். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் முழுசாகத் தீரவில்லை. இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், யூனிஸ் என் கையைக் கிள்ளினாள். மத்தியானத்துக்குள், இதை விற்ற கடையிலிருந்த ராடுகளை எல்லாம் அதிகாரி அள்ளி மூட்டை கட்டிச் சீல் வைத்துவிட்டார் என்று அண்ணாச்சி வந்து சொன்னார்.

அடுத்த வாரம் இசக்கித்தாய் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையை யாராவது இடுப்பில் தூக்குவார்களா? அவள் தூக்கினாள். இறக்கிவிட மனசில்லை. யூனிஸ் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அந்தப் பிரசுரம்தான் திரையில் இருந்தது. துறையின் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் அடித்துவிட்டு, எந்த வார்த்தையைப் போட்டுத் தேடினால் இது கிடைக்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தியிருந்தாள். ஹீட்டர், பிளக், ஷாக், எர்த் என்று நான் சொல்லச் சொல்ல அடித்திருந்தாள்.

"இசக்கித்தாய், நீங்க சொல்லுங்க" என்றாள் யூனிஸ். "அந்தத் தாள் கையில் கிடைக்காம, நேரா இங்க வந்திருந்தா, என்னன்னு கேட்டுத் தேடியிருப்பீங்க?"

இசக்கித்தாய் கொஞ்சம் யோசித்தாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த முடியை இன்னும் படிய வைத்தாள்.

"தப்பு எம்மேலயான்னுதான் தேடியிருப்பேன், டீச்சர்."

யூனிஸ் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இப்படியொரு தலைப்பு எந்த நூலக முறையிலும் கிடையாது, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்படியே அடி, யூனிஸ்" என்றேன். "செயலாளர் கேட்டா நான் பேசிக்கிறேன்."

இசக்கித்தாய் சொன்னபடியே, ஒரு எழுத்தையும் மாற்றாமல் யூனிஸ் அடித்தாள்.