முதலில் உட்கார்ந்த கிளாத்தி

எங்கள் அல்க்மார் ஊரில் சண்டையைத் தீர்க்கத் தெரியாதவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் யாரும் அதைத் தொழிலாகச் செய்யவில்லை. கெர்லோஃப் டெ ஹாஸ் ஒருவர்தான் செய்தார், அதுவும் இருபத்தேழு வருடம், நகராட்சிச் சம்பளத்தில்.

அவருடைய பதவியின் பெயர் அக்கம்பக்கச் சமரசக்காரர். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது, மேல்மாடிக்காரன் ஓட்டைக் குழல் ஊதுகிறான் என்று யாராவது மனு கொடுத்தால், கெர்லோஃப் மூன்று நாற்காலி, ஒரு காப்பிக் குடுவை, ஒரு குறிப்பேட்டுடன் வந்து உட்கார்ந்துவிடுவார். அவரிடம் ஒரே ஒரு முறை இருந்தது. கடினமான ஆளை முதலில் உட்கார வை, பிடித்த நாற்காலியை அவனே எடுத்துக்கொள்ளட்டும், மனம் இளகிவிடும், மற்றவர்கள் மிச்சத்தில் பொருந்திக்கொள்வார்கள். இதை அவர் கண்டுபிடித்த நாளைச் சொந்தக் கல்யாண நாளைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்.

முறை தோற்றதே இல்லை என்பார். தோற்றவர்கள் மறுபடி அவரிடம் வராததே அதற்கு ஆதாரம். கடைசியில் ஒரு வேலித் தகராறு வந்தது. செடி வேலியின் உயரம் ஒரு மீட்டர் எண்பதா, ஒரு மீட்டர் அறுபதா என்று இரண்டு வீட்டுக்காரர்கள் நான்கு வருடமாகப் பேசாமலிருந்தார்கள். கெர்லோஃப் பேசவைத்தார். காலை பதினோரு மணிக்கு இருவரும் கையெழுத்திட்டார்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மாலை மூன்று மணிக்கு முதல் வீட்டுக்காரர் வேலியைக் கணுக்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார். நாலரைக்கு இரண்டாமவர் அந்தக் குப்பை மொத்தத்தையும் முதலாமவர் படகில் ஏற்றிப் படகைக் கால்வாயில் மூழ்கடித்தார். மறுநாள் பத்திரிகையில் கையெழுத்துப் படமும் மூழ்கிய படகின் படமும் பக்கம் பக்கமாக வந்தன. நகராட்சி கெர்லோஃபுக்கு ஒரு பூந்தொட்டி கொடுத்து, ஐம்பத்தொன்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

"என் முறையில குத்தமில்ல. மனுஷங்கதான் இன்னும் அதுக்குத் தயாராகல" என்றார் என்னிடம்.

அதனால் மீனுக்கு வந்தார்.

எங்கள் கடல்மீன் வளர்ப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வருடந்தோறும் நவம்பரில் வீட்டுத் தேர்வு நடக்கும். வெளியூரிலிருந்து நடுவர் ஒருவர் வீடு வீடாக வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதில் ‘முரட்டு மீன்களின் கூட்டுத் தொட்டி’ என்று ஒரு பிரிவு உண்டு. பதினொரு வருடமாக அதில் யாரும் பெயர் கொடுத்ததில்லை. ஐந்து வகை முரட்டு மீன்களை மார்ச்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பரில் ஐந்தும் ஒரே தண்ணீரில், உயிரோடு, வாலும் துடுப்பும் குறையாமல் இருக்க வேண்டும். கெர்லோஃப் பெயர் கொடுத்தார். கிளாத்தி, அஞ்சாலை, களவாய், பேத்தை, சிங்க மீன். ஜெயித்தால் சான்றிதழின் நகலோடு மேயருக்கு அனுப்ப ஒரு கடிதமும் எழுதித் தயாராக வைத்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார். "வேலி விவகாரத்தை மறுபரிசீலனை செய்ய இதுவே தருணம்" என்று அது முடிந்தது.

வீட்டில் தெருப் பக்கம் பார்த்த பெரிய சன்னலோரம் அவர் மனைவி அலெய்தாவின் சோபா இருந்த இடம்தான் தொட்டிக்குத் தோதாக இருந்தது. ஆயிரத்து இருநூறு லிட்டர். சோபா வாசலையொட்டிய நடைக்குப் போனது. அலெய்தா அன்றிலிருந்து சைக்கிளுக்கும் கோட்டு மாட்டும் கொக்கிக்கும் நடுவே உட்கார்ந்து பின்னல் போட்டாள்.

வளர்ப்பு மீன்கடைக்காரன் யோஸ்ட் சங்கத்தில் மூத்த ஆள். கெர்லோஃப் மீன் வாங்கப் போன அன்று கடையில் நானும் இருந்தேன்.

"கிளாத்திய கடைசியா விடு" என்றான் யோஸ்ட். "மத்த நாலும் எடம் புடிச்சப்பறம் அது உள்ள வரணும். முதல்ல விட்டேன்னா தொட்டி முழுக்க அது பேர்ல பட்டா ஆயிடும்."

"அதத்தான் ஒரு சார்பான பார்வைங்கிறேன்" என்றார் கெர்லோஃப். "எல்லாரும் முரடன்னு சொல்லிச் சொல்லியே அத வெளியில நிறுத்துறீங்க. அப்பறம் அது கடிக்குதுங்கிறீங்க."

"அது கடிக்கிறதாலதாம்ப்பா முரடன்னு சொல்றோம்."

"அதுகிட்ட யாராவது கேட்டீங்களா?"

யோஸ்ட் தன் கட்டைவிரலைக் காட்டினான். நகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. "நான் கேட்டேன்."

கெர்லோஃப் கிளாத்தியை வாங்கிக்கொண்டு போனார். கறுப்பு உடம்பு, வயிறெல்லாம் வெள்ளைப் பொட்டு, மஞ்சள் உதடு. திருவிழாவுக்குச் சாயம் பூசிக்கொண்ட வரி வசூல்காரர் போல இருக்கும். ஆயிரத்து இருநூறு லிட்டரில் மூன்று வாரம் அது தனியாக உட்கார்ந்தது. மனம் இளகுவதற்காக. அந்த மூன்று வாரத்தில் பாறைகளைத் தன் இஷ்டத்துக்கு உருட்டியது, தண்ணீரைச் சூடாக்கும் கருவியின் வயரைக் கடித்தது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் கெர்லோஃபின் மூக்குக்கண்ணாடியில் குறிபார்த்துத் துப்பியது. கெர்லோஃப் குறிப்பேட்டில் எழுதினார்: ‘முதல் தரப்பு மனம்விட்டுப் பேசத் தொடங்கியுள்ளது.’

பிறகு மற்ற நான்கு தரப்புகளும் வந்தன. கெர்லோஃப் கண்ணாடிக்கு வெளியே வண்ண நாடா ஒட்டி ஐந்து பங்காகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு தரப்புக்கும் சாப்பாட்டு நேரம் தனி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம்; தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, தரப்புக்கு ஐந்து நிமிடம் கடிகாரம் வைத்துப் பார்ப்பார். கிளாத்திக்கு ஐந்து நிமிடம் போதவில்லை. தன் நேரம் முடிந்தும் பேத்தையின் வாலில் பேசிக்கொண்டிருந்தது. சிங்க மீன் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கியது. அஞ்சாலை வளையை விட்டு வெளியே வரவில்லை. களவாய் மேல் மூலையில் மூச்சு வாங்கியது. ‘நான்கு தரப்புகளும் சொந்தமாகவே ஒதுங்கி இடம் கொடுக்கின்றன’ என்பது அந்த வாரக் குறிப்பு.

செப்டம்பரில் கெர்லோஃபின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அந்த அறையில் மிச்சமிருந்த இடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஒருவரையொருவர் வாழ்த்தினோம். கெர்லோஃபை வாழ்த்தினோம், கெர்லோஃப் கிடைத்ததற்காக அலெய்தாவை வாழ்த்தினோம், அதை அவள் அமைதியாக ஏற்றுக்கொண்டாள்.

"பேத்தைக்கு வால் பாதிதான் இருக்கு" என்றேன்.

"மீதிப் பாதியோட அது எவ்வளவு நிதானமா இருக்குன்னு பாரு" என்றார் கெர்லோஃப்.

"நானும் நிதானமாத்தான் இருக்கேன்" என்றாள் அலெய்தா. "எனக்கும் மூணு வாரம் தனியா ஒரு ரூம் குடுத்தா மனசு இளகுமான்னு பாக்கலாமே."

கெர்லோஃப் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

அக்டோபரில் அவர் தெற்கே ஒரு காட்டுக்குள் ஏழு நாள் பயிற்சிக்குப் போனார். ஆழ்ந்து கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். அவர் ரயில் ஏறிய பத்தாவது நிமிடம் அலெய்தா எனக்குப் போன் செய்தாள்.

"செயலாளரே, உங்க முன்பெட்டி சைக்கிள் சும்மாதான இருக்கு?"

"என்ன ஏத்தணும்?"

"முதல் தரப்ப."

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. இந்த நான்கும் செத்தால் மனுஷன் அடுத்த மார்ச்சில் மறுபடி நான்கு வாங்குவார், தான் சாகும்வரை சோபா நடையில்தான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நான் போனேன். கிளாத்தியை வலையில் பிடிக்கலாம் என்று நினைத்தது என் அறியாமை. அது பாறைப் பொந்துக்குள் நுழைந்து, முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டுப் போட்டுக்கொண்டது. கடைசியில் பாறையோடு சேர்த்துத் தூக்கி, கடல்தண்ணீர் பீப்பாயில் இறக்கி, சைக்கிளின் முன்பெட்டியில் வைத்து, மழையில் மூன்று பாலம் ஏறி இறங்கி யோஸ்ட் கடையில் சேர்த்தேன். வழியெல்லாம் பீப்பாய்க்குள்ளிருந்து உறுமல் கேட்டது. சிக்னலில் பக்கத்தில் நின்ற அம்மாள் என் வயிற்றைப் பார்த்தாள்.

அதற்குள் அலெய்தா முழங்கை வரை கையுறை மாட்டி, சிங்க மீனின் விஷமுள்ளை ஒரு தட்டியால் மறித்துக்கொண்டு, தொட்டியிலிருந்த அத்தனை பாறையையும் இடம் மாற்றியிருந்தாள். நாடாக்களையும் பிய்த்துப் போட்டாள். மூன்றாம் நாள் அஞ்சாலை தலையை நீட்டியது. நான்காம் நாள் சிங்க மீன் நேராக நீந்தியது. ஆறாம் நாள் கிளாத்தியைத் திரும்ப விட்டோம். ஊர் மாறி வந்த உத்தியோகஸ்தர் மாதிரி அது தொட்டியை இரண்டு சுற்று சுற்றியது. அதற்குத் தெரிந்த மூலை ஒன்றுகூட இல்லை. களவாய் வாயைத் திறந்து காட்டியதும் விலகிப் போய், யாருக்கும் வேண்டாத ஒரு சின்னப் பொந்தில் அடங்கியது.

கெர்லோஃப் திரும்பி வந்து தொட்டியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு எழுதினார்: ‘நான் இல்லாதபோது தரப்புகள் கூடிப் பேசி, பாறைகளை ஒருமனதாக மாற்றியமைத்துள்ளன. எல்லைக்கோடுகள் இனித் தேவையில்லை எனவும் முடிவெடுத்துள்ளன.’

நவம்பரில் நடுவர் ரோஸ்மாலன் அம்மையார் வந்தார். டார்ச், வெப்பமானி, மடக்கு நாற்காலி. பேத்தையின் வால் வளர்ந்துவிட்டிருந்தது. அலெய்தா காப்பி கொடுத்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுக்கவிட்டு, மூடி வைத்தாள். அம்மையார் கால் மணிநேரம் ஒவ்வொரு பொந்தாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்தும் நீந்தின. கெர்லோஃபின் சட்டைப்பையில் மேயர் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது.

"எந்த வரிசையில விட்டீங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"கிளாத்திதான் முதல்ல, மேடம். அதுதான் என் முறை." இருபத்தேழு வருடத்தையும் ஐந்து நிமிடத்தில் சொன்னார். குறிப்பேட்டையும் நீட்டினார்.

அம்மையார் நிதானமாகப் படித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "பாறைய மீனுங்களே மாத்திச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, மேடம். ஒருமனதா."

"அந்தப் பெரிய பாறை எத்தன கிலோ?"

"பதினாலு."

"பேத்தை தூக்கிச்சா?"

கெர்லோஃப் வாயைத் திறந்து மூடினார். தொட்டிக்குள் இருப்பவர்களும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அலெய்தா எழுந்து பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்து அம்மையாரிடம் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் ஒரு காப்பிக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுக்கும் பழக்கம் கிடையாது. அம்மையார் டப்பாவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கிளாத்திய எத்தன நாள் வெளியில வெச்சிருந்தீங்கம்மா?"

"ஆறு."

"ஏழு வெச்சிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லி, அம்மையார் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். படிவத்தில் மீன்களுக்கு முழு மதிப்பெண் போட்டார். வளர்ப்பவர் பெயர் என்ற இடத்தில் கெர்லோஃபை அடித்துவிட்டு அலெய்தா டெ ஹாஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் போன பிறகு கெர்லோஃப் என்னிடம் திரும்பினார். "ஒனக்கு இது தெரியுமா?"

"சைக்கிள் என்னுது."

மனைவியிடம் அவர் கோபப்படவில்லை. கோபப்படுவது அவர் தொழிலுக்கு ஆகாது. ஆட்சேபணை எழுதினார். முடிவு வந்து ஆறு வாரத்துக்குள் எந்தக் குடிமகனும் எதையும் ஆட்சேபிக்கலாம் என்பது எங்கள் நாட்டில் காற்று மாதிரி. அதைச் சுவாசிக்காமல் யாரும் பெரியவர்களாவதில்லை. சொந்த வீட்டுத் தொட்டி ஜெயித்ததை எதிர்த்துப் பதினான்கு பக்கம். முறை சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது, ஐந்து வாரம் பொறுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கும், இடையில் வெளியார் தலையீடு நிகழ்ந்தது என்று வாதம். வெளியார் என்பது முப்பத்தொரு வருட மனைவி.

செயலாளர் என்ற முறையில் கடிதத்தை நான்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நான் சம்பந்தப்பட்டவனாம். அதனால் ஹார்லெமில் இருக்கும் மேல்சங்கத்தில் நேரிலேயே கொடுக்கிறேன் என்று சனிக்கிழமை காலை ரயில் ஏறினார். அவர் ரயில் ஏறிய பத்தாவது நிமிடம் எனக்குப் போன் வந்தது.

"செயலாளரே, முதுகு நல்லாருக்கா?"

யோஸ்டையும் கூட்டிக்கொண்டு போனேன். தொட்டியை நகர்த்த முடியாது. மற்ற எல்லாவற்றையும் நகர்த்தினோம். சாப்பாட்டு மேஜை தோட்டத்துக் கதவருகே போனது. புத்தக அலமாரி எதிர்ச் சுவருக்கு. கெர்லோஃபின் வாசிப்பு நாற்காலி, எழுதும் மேஜை, கால் வைக்கும் முக்காலி, கூட்டக் கடிகாரம் எதுவும் காலையில் இருந்த இடத்தில் மாலையில் இல்லை. சோபா தொட்டிக்கு நேர் எதிரே, சன்னல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தது. அதில் அலெய்தா உட்கார்ந்தாள், ஒரு பக்கம் பின்னல் கூடை, மறுபக்கம் நான். யோஸ்ட் வாசிப்பு நாற்காலியில். காப்பி குடித்தோம். டப்பா திறந்தே இருந்தது.

ஐந்து மணிக்குக் கெர்லோஃப் வந்தார். அறை வாசலில் நின்றார். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார், அங்கே ஒரு செடி இருந்தது. மேஜை இருந்த இடத்துக்கு இரண்டு அடி வைத்து நின்றார். பிறகு சுவரோரமாகவே ஒரு சுற்று வந்தார். யோஸ்ட் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் விலகிப் போனார். கண்ணாடிக்குப் பின்னால், தன் சின்னப் பொந்திலிருந்து கிளாத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அலெய்தா, நான் எங்க உக்காரணும்?" என்றார் கடைசியில்.

அலெய்தா பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே இருந்த முக்காலியைக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார்.