காப்பார் ரோடு ஆறாங்கட்டை

எங்கள் ஊருக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் நான் இப்போது இருக்கிற பெட்டாலிங் ஜெயாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை, காப்பார் ரோட்டைத்தான் பார்ப்பேன். பாசார் முனையில் மாடு படுத்திருக்கிறது, மோட்டாரில் வருகிறவர்கள் பார்த்து வரவும். கோயில் பக்கம் தண்ணீர் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி கால்வாயில் சாய்ந்து கிடக்கிறது. "கல்யாணமாகி இங்க வந்து பேரன் பேத்தி எடுத்தாச்சு. அங்க தண்ணி வந்தா உனக்கென்ன, வராட்டி உனக்கென்ன?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிள்ளான் பக்கத்து ஆளில்லை. அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையும் கிடையாது.

எங்கள் ஊரில் மைல்கல்லுக்குக் கட்டை என்று பெயர். தபால்காரருக்கு வேண்டுமானால் வேறு முகவரி இருக்கலாம், மனிதர்களுக்குக் கட்டைதான் முகவரி. கிள்ளானிலிருந்து எண்ணினால் நாலாவது மைலில் எங்கள் வீடு. அதனால் நான் நாலாங்கட்டை. காப்பார் போகும் வழியிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி, துணி வெளுக்கிற டோபி கடை வீட்டில் என் பள்ளிக்கூட சிநேகிதி இருந்தாள். அவள் ஆறாங்கட்டை.

வகுப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். ஆசிரியை கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்போம், வகுப்பே சிரிக்கும். பஸ் கண்டக்டர்தான் முதலில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். "ஏய் ஆறாங்கட்டை, தள்ளி உட்காரு, நாலாங்கட்டை ஏறுது பாரு!" கிள்ளானுக்குப் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் அவள் எனக்கு முன்பே ஏறிவிடுவாள். பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். டோபி வீட்டுப் பெண் அல்லவா, அவள் உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. என்னுடையதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். "ராத்திரி இதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கினியா?" அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. என்னை நானே கூப்பிடுகிற மாதிரி வெட்கமாக இருக்கும். அவளும் அப்படித்தான்.

பிறகு எனக்குக் கல்யாணமானது. ரோட்டை அகலப்படுத்தினார்கள், டோபி கடை போயிற்று. கட்டைகளையும் பிடுங்கிவிட்டார்கள். டோபி வீட்டார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இங்கே என்னை ஆன்டி என்கிறார்கள், அக்கா என்கிறார்கள். நாலாங்கட்டை என்று கூப்பிட ஒரு நாதி இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நான் அதற்காக ஏங்கிப்போய்க் கிடந்தேன்.

குழுவை நடத்துகிறவர் ஒரு பழைய லோரி டிரைவர். அவருக்கு எல்லோரும் பாஸ்தான். அவ்வப்போது பழைய படம் ஒன்றைப் போட்டு, "எந்த இடம், சொல்லுங்க பாஸ்!" என்பார். அப்படி ஒரு நாள் பஸ் படம் வந்தபோது நான் கேட்டேவிட்டேன்: "ஆறாங்கட்டை டோபி வீட்டுப் பொண்ணை யாருக்காவது தெரியுமா?" என் பெயரைச் சொல்லி நானே தேடினால் கிண்டல் செய்வார்களே என்று பெயரை மட்டும் எழுதவில்லை. அவ்வளவுதான், பக்கத்து மேரு ரோட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள். அந்த ரோட்டிலும் ஒரு ஆறாங்கட்டை உண்டே! "எங்க ஆறாங்கட்டையில டோபி கிடையாது, முடி வெட்டுற கடைதான்." "இருந்துச்சு லா, உனக்கு மறந்துபோச்சு." ஒரு வாரம் அவர்களுக்குள் சண்டை. எனக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

போன மாதம் காலையில் குழுவில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. பார்த்தால் என் பெயர்! படத்தில் நரைத்த தலையோடு கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பெர்மாய் என்றோ இண்டா என்றோ முடிகிற ஏதோ ஒரு தாமான் குடியிருப்பு முகவரி. யாரோ குறும்பாக என்னைக் கேட்டார்கள்: "அக்கா, இருக்கீங்களா?" எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் இன்னும் போகலை லா! தோசை பசியாறிக்கிட்டு இருக்கேன்" என்று போட்டேன். குழு முழுக்கச் சிரிப்பு.

லோரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தனியாக எழுதினார். "பாஸ், இது பழைய டோபி கடை வீட்டு அம்மாவாம். இப்பத்தான் அவங்க தம்பி சொன்னாரு. நீங்க தேடினீங்களே, அவங்கதான்."

அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்குத் தெரிந்த முகம் வரவில்லை. பிறகு புருவத்தைப் பார்த்தேன், அவளேதான். பாவி, நான் தோசையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்தார்.

காப்பார் ரோட்டில் ஒரு முனையில் விளக்குக் கம்பத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. என் பெயர், கீழே அம்புக்குறி. அடுத்த கம்பத்திலும் என் பெயர். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டுக்குப் போனோம். காரை விட்டு இறங்கியபோது ரோட்டின் அந்த வளைவு கண்ணில் பட்டது. அடக் கடவுளே, இது ஆறாங்கட்டை! டோபி கடைக்குப் பின்னால் இருந்த செம்பனைத் தோட்டத்தில்தான் இந்தத் தாமானைக் கட்டியிருக்கிறார்கள். அவள் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் காப்பார்க் கோயில் திருவிழாவுக்கு நான் இந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பட்டுச்சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலாங்கட்டை வந்திருக்கேன்டி" என்றேன். சுற்றி இருந்த இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மகள் என் தோளைத் தொட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மாவுக்கு எப்படிப் பழக்கம் ஆன்டி?"

"ஒண்ணாப் படிச்சோம்மா."

"உங்க பேரு?"

சொன்னேன். அந்தப் பெண் சட்டென்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பள்ளிக்கூட சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கணும், தேடிக் குடுங்கன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பேரு என்னம்மான்னு கேட்டா, என் பேருதான்னு சொல்வாங்க. மறதி வந்துடுச்சுன்னு நினைச்சோம் ஆன்டி. நாங்க தேடவே இல்லை."