மனுவில் நான் கொன்ற அம்மா

ஏற்காடு மலையில் வாழவந்தி கிராமத்து முருகேசன், லீவு முடிந்தும் திரும்பாததால் ‘ஒழுங்கீனம்’ என்று ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர். அந்தச் சொல்லால் எஸ்டேட்டில் காவல் வேலைகூடக் கிடைக்கவில்லை. அதை நீக்கக் கோரும் மேல்முறையீட்டை எழுத, நாலு புத்தகம் படித்தவன் என்று என்னிடம் வந்தார்.

“ஏன் திரும்பிப் போகலே?” என்று துருவினேன்.

“அத உடுங்க சார்.”

ஆபீஸ் லீவுக்காக உறவினர்களைச் சாகடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ‘அப்போது என் தாயார் காலமானார்’ என்று எழுதி, அவர் வீட்டுக்கே போய் உரக்கப் படித்தேன். காபி கொண்டுவந்த அம்மாள் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, நான் எப்பங்க செத்தேன்?”

அம்மாளே காரணத்தையும் சொன்னார்:

“இவன் லீவுல வந்திருந்தப்ப மழையில ஊடு இடிஞ்சு போச்சுங்க. ‘தனியா உட்டுட்டுப் போகாத சாமி’ன்னு நாந்தான் புடிச்சு வெச்சேன். எம்மேல பழி வரும்னு வாயே தொறக்க மாட்டேங்கறான்.”

அம்மாள் சொன்னதையே எழுதினோம், அவரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். என் பொய் மனுவில் போயிருந்தால், முருகேசனின் ஒழுங்கீனம் இரட்டிப்பாகியிருக்கும்.

விசாரணைக்குக் காத்திருக்கிறோம். இப்போதெல்லாம் யாருக்கு மனு எழுதினாலும் வீட்டார் அனைவர் முன்னும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஏற்காடு பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்கிறார்: “அதுல நான் உசுரோடதானுங்களே இருக்கேன்?”