பல் டாக்டர் குணா செய்த தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸில் என் சேலைக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சாவித்திரி அக்கா, டாக்டர் குணாவின் மனைவி. காலையில் கூப்பிடுகிறவர் அல்ல. "தம்பி, அவரு எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. ஆம்புலன்ஸ்ல வந்தவங்க பாத்துட்டு, முடிஞ்சு போச்சுங்கறாங்க" என்றார். "என்னக்கா சொல்றீங்க, இன்னொரு தடவை நல்லாப் பாக்கச் சொல்லுங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். மாரடைப்பாம். முந்தின நாள் மாலைகூட என் கடை வாசலில் நின்று, காட்சிக்கு வைத்திருந்த பச்சைப் பட்டைப் பார்த்து, "இதெல்லாம் யாரு வாங்குவா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரயிலேறப் போனார். கோபத்தோடு வழியனுப்பினேன். அதுதான் கடைசி.

நம் மீன் வளர்ப்போர் குழுவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. என் கடைக்குப் பக்கத்திலிருந்த அவரது கிளினிக்கில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பழகுவதற்கு இனிமையானவர் என்று அஞ்சலிக் கட்டுரைகளில் எழுதுவார்கள். டாக்டரைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துவிடுவார். இனிமை என்பது அவருக்கு வராத ஒன்று. "சாயம் போகுமா?" என்று கேட்கும் பெண்ணிடம், "உங்க பேத்தி கட்டுவாம்மா" என்று சொல்லியே பிழைக்கிற என்னோடு அவர் எப்படி இத்தனை வருடம் ஒட்டினார் என்பது எனக்கே ஆச்சரியம்.

கிள்ளானில் அவர் வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மீன் தொட்டி. அதில் ஆப்பிரிக்க ஏரி மீன்கள். நம் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. சுண்ணமும் மக்னீசியமும் அதில் மிகக் குறைவு. இந்த மீன்களுக்கோ கடின நீர் வேண்டும். ஆகவே பின்கட்டில் ஒரு நீலப் பீப்பாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரினைப் போக்கி, பவளக் கல் சில்லுகளைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, எப்சம் உப்பும் சமையல் சோடாவும் அளந்து கரைத்து வைத்திருப்பார். தொட்டியில் தண்ணீர் மாற்றுவதென்றால் அதிலிருந்துதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. "எதுக்கு டாக்டர் இந்தப் பாடு? இந்த ஊர்த் தண்ணிக்கு ஒத்துப்போற மீனா வாங்கி விடலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, ஆரஞ்சு நிறம் பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "ரயில் போட வந்த நம்ம ஆளுங்களுக்கும் இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலதான். ஒத்துப்போற ஆளா பாத்து வாங்கியிருக்கலாம்ல?"

பங்சாரிலிருந்து நம் குழுவுக்கு வந்த ஒருவர், செத்து மிதக்கும் மீன்களின் படத்தைப் போட்டு, என்ன நடந்ததென்றே புரியவில்லை என்று எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் மொத்தச் சோடாவையும் கொட்டியதாக அவரே கீழே எழுதியிருந்தார். நாமெல்லாம் கைகூப்பும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினோம். டாக்டர் மட்டும், "நீங்கள்தான் கொன்றீர்கள். தண்ணீரை அவசரமாக மாற்றினீர்கள்" என்று எழுதினார். மனிதர் குழுவை விட்டே போய்விட்டார். நான் நேரே கிளினிக்குக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "ரெண்டு வார்த்தை இதமா சொன்னா உங்க பல்லு கொட்டிருமா டாக்டர்?" அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதமா சொன்னா அடுத்த மீனும் சாகும் லா" என்றார். எனக்கு அன்று கோபம் தணியவே இல்லை.

அவர் தொட்டியில் மூத்தது ஃபிரண்டோசா வகை மீன் ஒன்று. நீலப் பட்டைகளும், நெற்றியில் புடைத்த பெரிய மேடும், எதையும் மதிக்காத நடையுமாக இருக்கும். 'தவுக்கே' என்று பெயர் வைத்திருந்தார். நம்மூரில் முதலாளியை அப்படித்தானே கூப்பிடுகிறோம்! சாவித்திரி அக்கா கண்ணாடி அருகில் வந்தால் தவுக்கேயும் அங்கே வந்து நிற்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. டாக்டர் கிளினிக்கில் இருக்கும் பகலெல்லாம் அக்கா அதனோடு பேசிக்கொண்டிருப்பார். காய்கறி விலை முதல் டாக்டர் மீதான புகார் வரை அதற்குத் தெரியாதது எதுவுமில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. மின்சுடலைக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவி முடிந்திருந்தது. டாக்டரின் அக்கா சரஸ்வதி, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்தவர், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னின்று எல்லாம் செய்திருந்தார். பிரேதம் எடுத்த வீட்டில் இருந்த தண்ணீரை வைத்திருக்கக் கூடாது என்பது நம் வழக்கம். குடத்தைக் கவிழ்த்தார், குளியலறை வாளிகளைக் கவிழ்த்தார், பின்கட்டிலிருந்த நீலப் பீப்பாயையும் கவிழ்த்தார். அதோடு விட்டிருக்கலாம். கூடத்துத் தொட்டியையும் மீன்களின் முதுகு தெரியும்வரை இறைத்துவிட்டு, குழாயில் ரப்பர் பைப்பைச் செருகி நிரப்பிக்கொண்டிருந்தார்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தவுக்கேயின் நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. நான் பாய்ந்து போய்க் குழாயை மூடினேன். "ஐயோ, என்னக்கா பண்ணிட்டீங்க!" என்று துக்க வீடென்றும் பாராமல் அலறிவிட்டேன். அவர் மிரண்டு போனார். "வாயில்லா ஜீவன் தம்பி. சாவு வீட்டுத் தண்ணியில அது மட்டும் எப்படிக் கெடக்கும்? நல்ல தண்ணியா மாத்தி விட்டேன்" என்றார். அந்த முகத்தில் கள்ளமே இல்லை. உள்ளறையில் பெண்களுக்கு நடுவே இருந்த சாவித்திரி அக்கா எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தார். "தம்பி, அவரு போயிட்டாரு. இதுவும் போச்சுன்னா நான் இந்த வீட்ல யாரோட பேசறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குளோரின் நீக்கும் மருந்தை உடனே ஊற்றினேன். அதற்கு அவசரம் உண்டு. உப்பும் சோடாவும் அலமாரியில் அப்படியே இருந்தன. சரஸ்வதி அக்கா, "எல்லாத்தையும் கொட்டு தம்பி, பழைய மாதிரி ஆக்கிடு" என்று கெஞ்சினார். என் கையும் துறுதுறுத்தது. கொட்டவில்லை. திடுமென இறங்கிய கடினத்தன்மையைத் திடுமென ஏற்றினால் இரண்டாவது அடி விழும். ஒவ்வொரு மாலையும் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். கொஞ்சம் கரைத்து ஊற்றுவேன், சொட்டுவிட்டுப் பார்ப்பேன், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். சின்ன மீன்கள் தெளிந்தன. தவுக்கே இரை எடுக்கவில்லை. சாவித்திரி அக்கா கண்ணாடியில் விரலை வைத்தால் வந்து நிற்கப் பார்க்கும், முடியாமல் சாய்ந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

ஒரு நாள் மதியம் அது செத்துப் போயிற்று. சாவித்திரி அக்கா போனில் செய்தியை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். சரஸ்வதி அக்கா கூப்பிட்டார். "தம்பி, எல்லாரும் அந்த மீனுக்கு வயசாயிருச்சுங்கறாங்க. சாவித்திரியும் அதையேதான் சொல்றா, என் மூஞ்சியப் பாக்காம. நீ சொல்லு. என்னாலதானே?"

வயதான பெண். தம்பியைப் பறிகொடுத்தவர். என் வாயில் பதில் தயாராக இருந்தது: வயசுதான்க்கா, நீங்க என்ன பண்ணுவீங்க, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. பத்துச் சேலை விற்கும் குழைவோடு அதை என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் வரப்போகிறது. அன்றைக்கு மறுபடியும் வீடு கழுவுவார்கள். முன்னின்று கழுவப்போகிறவரும் இவர்தான்.

"ஆமாக்கா" என்றேன். "அந்தத் தண்ணியாலதான்."

மறுமுனையில் அழுகை கேட்டது. அடக்கிவைத்து உடைகிற அழுகை. அளவு குச்சியும் கையுமாக நின்ற என் எதிரில் வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் போனை வைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "இப்ப தொட்டியில இருக்கறது எல்லாம் நீ செஞ்ச தண்ணியா?"

"அடியில நீங்க கொஞ்சம் விட்டு வச்சீங்களேக்கா, மீன் முதுகு தெரியுற அளவு. அது டாக்டர் செஞ்சது. அது மேலதான் நான் ஊத்தினேன்."

"அப்படின்னா பதினாறுக்கு அந்தத் தொட்டிய நான் தொட மாட்டேன். ஒருத்தரையும் தொட விடவும் மாட்டேன்" என்றார். சொன்னபடியே செய்தார். காரியத்தன்று வாளியோடு வந்த உறவுக்காரப் பெண்களை, தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு விரட்டினார். சாவித்திரி அக்கா அவருக்கு ஒரு குவளை காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் சாவித்திரி அக்கா. வேண்டாமென்றேன். எனக்கு வந்து சேர வேண்டியது முன்பே வந்துவிட்டது. "ஆமாக்கா" என்ற அந்தச் சொல். வியாபாரத்துக்கு உதவாது. சொன்ன நாளிலிருந்து நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.