சரிவின் அடியில் ஒரு வாடகை அறை

மலைச்சரிவு நகரும் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்? அந்தத் தெருவில் ‘சார்’ என்று அழைக்கிறார்கள். பள்ளியில் புவியியல் நடத்துகிறார், சரிவை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்.

கீழே பின்னறையில் இருந்தவள் பஸ் கண்டக்டர். குடித்துவிட்டு அடித்த புருஷனை உதறிவிட்டு, மகளோடு வந்தவள். சில்லறைக்குச் சண்டை பிடிக்கும் பயணியையும் சிரிக்கவைத்து இறக்கிவிடும் வாய் அவளுக்கு. விடியுமுன் முதல் வண்டிக்கு ஓடுவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் அவள் மகளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்புவாள். அந்த அறை போனால் அந்த உதவி போகும், கூடவே முதல் வண்டி வேலையும் போய்விடும்.

வீட்டுக்காரர் கார் ஷெட் போடுவதற்காக, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவின் அடிமண்ணை வெட்டி எடுத்தார். அடுத்த மழையில் நீர் ஊறிக் கனத்த மேல்மண், கீழே தாங்க எதுவுமில்லாமல் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கிப் பின்சுவரில் சாய்ந்தது. சுவர் வெடித்தது. பின்கதவு நிலையில் இறுகிச் சாத்த முடியாமல் போனது.

வீட்டுக்காரம்மா காரணம் தேடி அதிக தூரம் போகவில்லை. குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: “புருஷன விட்டு வந்தவ காலடி வச்சா வீடு விளங்குமா?”

“என் காலுக்கு அவ்வளவு பலம் இருந்தா, நடுரோட்டுல நிக்கிற பஸ்ஸ உதைச்சே கெளப்பிடுவேனேக்கா,” என்றாள் கண்டக்டர். “நீங்க அடிமண்ண வெட்டுனீங்க. மேல இருக்குறது எறங்குது.”

“மலை எங்கயாவது நடக்குமாடி?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மாடி ஏறினாள். சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மண்சரிவுக்குக் காரணம் எழுதாத பிள்ளைகளுக்கெல்லாம் சுழி போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். உங்க பேச்ச நம்புவாங்க.”

சிவப்புப் பேனாவை மூடாமலே அவர் சொன்னார்: “பாடத்துல இருக்குறது வேறம்மா, வாழ்க்கைல இருக்குறது வேற. நானும் இங்க குடியிருக்கணும்ல?”

“அப்போ பிள்ளைங்களுக்கு மட்டும் எதுக்கு சார் சுழி போடுறீங்க?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது அவள் அக்கா வீட்டுக் கூடத்தில், அத்தானின் முணுமுணுப்புக்கு நடுவே பாய் விரிக்கிறாள். மகளுக்குப் பள்ளி மாறிவிட்டது. முதல் வண்டி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. சுவர் வெடிப்போ நிற்கவில்லை. கை நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது. அது அவள் விட்ட சாபமாம். அவள் இருந்தாலும் குற்றம், போனாலும் குற்றம். மண்வெட்டி மட்டும் நிரபராதி.

சார் தன் கட்டிலைச் சரிவுப் பக்கத்திலிருந்து தெருப்பக்க அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கீழே, அதே பின்னறையில், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி குடிவந்திருக்கிறார்கள். அவர்களிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

அடிமண் வெட்டப்பட்ட சரிவு உங்கள் தெருவிலும் இருக்கலாம். அதன் கீழே தூங்குகிறவர்களின் கதவை இன்றே தட்டிச் சொல்லுங்கள். ராசி, சாபம் என்று யாராவது குறுக்கே வந்தால், மண்ணை வெட்டியது யார் என்று தெருவே கேட்கும்படி கேளுங்கள்.