மெல்ல மூடிய இடது கண்

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் வடக்கே போபோடியில் இருக்கும் தமிழரசியைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

1998. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் மத்தியானம். தகரக் கூரையில் மழை கொட்டியது. வீட்டுக்குள் ஒரே இருட்டு. மேசைமேல் ஓர் அரக்கன் முகம். கணபதி மண்டல் பந்தலில் வைப்பதற்காக, கண்ணில் விளக்குப் பொருத்தச் சொல்லி, சிலை செய்யும் கோவிந்த் பாவ் கொடுத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, ஒரு கண்டன்சர். சுவிட்சை அழுத்தினால் கண் எரியும், கண்டன்சரும் நிரம்பும். விட்டால் அது வடிய வடிய, வெளிச்சம் குறைந்து கண் மெல்ல மூடும்.

வலது கண் மூடிவிட்டது. இடது... இன்னும் எரிந்தது.

"கண்டன்சர் வாங்கியாந்தது யாரு? உன் தம்பிதானே?" என்றான் புருஷன் ஜெகதீசன்.

"பாலச்சந்திரன்தான். அதுக்கென்ன?"

"கபாடிக் கடையில, பழைய சாமானுக்குள்ள பொறுக்கிட்டு வந்து, புதுசுன்னு என் தலையில கட்டியிருக்கான் திருட்டுப்பய. இனிமே இந்த வாசப்படி மிதிக்கட்டும், சொல்றேன்!"

தமிழரசிக்குச் சுருக்கென்றது.

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. இருங்க, காட்டுறேன்."

சால்டரிங் ராடைச் சூடாக்கி, இரண்டு கண்டன்சரையும் இடம் மாற்றி வைத்தாள். கோளாறு கண்டன்சரில் என்றால், இப்போது வலது கண்தான் தாமதிக்க வேண்டும்.

டக். அழுத்தினாள். விட்டாள்.

வலது மூடியது. இடது... மூடவில்லை.

எல்.இ.டி.களையும் மாற்றினாள். மறுபடி இடதுதான்.

ஜெகதீசன் அவளையே உற்றுப் பார்த்தான். "நீ ஏதோ பண்றே. தம்பியைக் காப்பாத்த."

"நானா? அப்ப நீங்களே அழுத்துங்க!"

இரண்டு கண்டன்சரையும் பிடுங்கி மேசையில் போட்டாள். இனி விரலை எடுத்தால் இரண்டு கண்ணும் பட்டென்று அணைய வேண்டும்.

டக். விட்டான்.

வலது... பட்.

இடது...

மெல்ல...

மெல்ல...

"மச்சான் மேல தப்பில்லடி." ஜெகதீசன் சுவிட்சைத் தள்ளி வைத்தான்.

சாயங்காலம் கோவிந்த் பாவ் வந்தார். முகத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள் தமிழரசி. இந்தியில்தான் கேட்டாள்.

"பாவ், இது யாரு முகம்?"

"என் தம்பி. போன வருஷம் பக்கவாதத்துல போயிட்டான். அன்னிக்கு ஞாபகத்துக்குன்னு முகத்துல அச்சு எடுத்தேன். இப்போ புதுசா செய்ய நேரமில்ல, அதுலயே வார்த்துட்டேன்."

"அந்தக் கண்ணு..."

"வலது கண்ணு மூடியிருந்துச்சு, அதைத்தான் வெட்டித் திறந்தேன்," என்றார் அவர். "இடதுல எனக்கு வேலையே இல்ல. அவன் செத்தப்போ நாங்க எவ்வளவோ அழுத்திப் பார்த்தும் அது மூடவே இல்லையே."